குளத்தில் இறங்கிய கடுக்காய்

யுத்தம் முடிந்த மறு வருஷம், குரும்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வைத்திலிங்கம் என்ற மிராசுதார் மச்சு வீடு கட்ட ஆரம்பித்தார். அப்போது சிமெண்டு வாங்கப் பர்மிட் வேண்டும். அதற்காகத் திருச்சிக்கும் ஊருக்குமாக அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். சுண்ணாம்பிலேயே கட்டிவிடலாம் என்று தீர்மானித்து, அரியலூரிலிருந்து குருநாதன் மேஸ்திரியை வரவழைத்தார்.

குருநாதனுக்குத் தன் சாந்தின் மேல் அப்படியொரு பெருமை. நீற்றிய சுண்ணாம்பில் மணலைக் கலந்து, கடுக்காயும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய தண்ணீரை ஊற்றி, மாடு கட்டி அரைத்து அவர் பூசிய சுவரில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும் என்பார். சொல்வதோடு நிற்கமாட்டார். தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு, கையில் ஆணியும் சுத்தியலும் கொடுத்து, அடித்துப் பார்க்கச் சொல்வார்.

தண்ணீர் சுமக்கிற வேலை மிச்சமாகுமே என்று ஊறல் தொட்டிகளையும் சாந்து அரைக்கும் வட்டத்தையும் குடிதண்ணீர்க் குளத்தின் கரையிலேயே போட்டுக்கொண்டார். தொட்டியில் தங்கிய கசடு குளத்துக்குள்ளேயே போயிற்று. கரணை, சட்டி, கூடை எல்லாவற்றையும் படித்துறையில் கழுவினார்கள். முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஓர் எருமை மட்டும் சுண்ணாம்பு தேங்கிய ஓரத்தில் சுகமாகப் புரண்டு, வெள்ளை வெளேரென்று வீடு திரும்பியது. யார் வீட்டுப் பசுவோ என்று சொந்தக்காரர் அதை மூன்று தடவை விரட்டிவிட்டார்.

மூன்றாவது வாரம் ஊருக்கே வயிற்றுப்போக்கு கண்டது.

நாவிதர் பாதி மழித்த தலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அவர் திரும்பி வந்தபோது பாதித் தலைக்காரர் ஓடிப்போயிருந்தார். பஜனை மடத்தில் ஆர்மோனியம் பாட்டின் நடுவே நின்றது. பள்ளிக்கூடத்து வாத்தியார் காலை பத்து மணிக்கே பெல் அடித்துவிட்டு, பிள்ளைகளை முந்திக்கொண்டு வெளியேறினார். ரேஷனில் போட்ட புதுத் தானியம்தான் காரணம் என்றார்கள் சிலர். இல்லை, மாரியம்மனுக்குக் குறை வைத்துவிட்டோம் என்றார்கள் மற்றவர்கள். அம்மனுக்குப் பொங்கல் வைப்பதென்று முடிவாயிற்று. அதே குளத்துத் தண்ணீரில் பொங்கி ஆளுக்கு இரண்டு கை சாப்பிட்டார்கள். அன்று புறப்பட்ட அம்மன் ஊர்வலம் தெருமுனையைத் தாண்டவில்லை.

மேஸ்திரிக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவருக்கும் அவருடைய ஆட்களுக்கும் மிராசுதாரின் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. இந்த ஊர்க்காரர்களுக்கு வயிறு வலுவில்லை என்று அவர் உண்மையாகவே பரிதாபப்பட்டார்.

உள்ளூர்ச் சித்தாள் மருதாயி இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். வயிற்றை இளக்கும் கடுக்காயை இடித்து ஊறப்போடுவது அவள்தான். தோட்டத்துக் கிணற்றில் குடிக்கிறவர்கள் கல் மாதிரி இருக்க, குளத்தில் குடிக்கிறவர்கள்தான் ஓடுகிறார்கள் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு நாள் காலையில் அதை மேஸ்திரியிடமே சொன்னாள்.

குருநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. "என் சாந்தப் பத்தி மட்டும் பேசாத."

"சாந்த நான் ஒண்ணும் சொல்லலிங்க மேஸ்திரி. செவுத்துல இருந்தா அது தங்கம். வவுத்துக்குள்ள போனாத்தான் தொந்தரவு."

பக்கத்தில் இருந்தவர்கள் காதில் இது விழுந்துவிட்டது. அரை நாழிகைக்குள் ஊரே குளக்கரையில் கூடிவிட்டது. மானம் போகிறது என்று தோன்றவே, குருநாதன் படித்துறையில் இறங்கி, எல்லோரும் பார்க்கத் தொட்டிக்கு நேர் கீழே மூன்று செம்பு மொண்டு குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு நேரே மச்சு வீட்டுக்குப் போய்ச் சாரத்தின் உச்சிக்கு ஏறினார். பொழுது சாயும் வரை அங்கிருந்தே பூசப்போவதாக அறிவித்தார்.

ஜனங்கள் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் மேஸ்திரி பாடிக்கொண்டே பூசினார். உச்சி வேளை தாண்டியதும் பாட்டு நின்றது. பிறகு கரணை நின்றது. ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு, எங்கோ தூரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டையைத் தேடுகிறவர்போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை. ஏணிப் பக்கம் திரும்பினால், அதில் செங்கல் கூடையோடு ஓர் ஆள் ஆற அமர ஏறிக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி ஏணிக்குக் காத்திருக்கவில்லை. சாரக்கம்பைக் கட்டிக்கொண்டு சர்ரென்று வழுக்கி இறங்கி, சப்பாத்திக்கள்ளி வேலியை நோக்கி ஓடினார். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அந்த அவசரத்தின் அருமை தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை.

சாயங்காலம் தளர்ந்துபோய் வந்த குருநாதன், மருதாயி பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். "எங்க மாத்தலாம்னு நீயே சொல்லு," என்றார்.

குளத்தை விட்டு எதிர்ப்புறமாகச் சரிந்த களிமண் தரிசு ஒன்றை அவள் காட்டினாள். அங்கே படிப்படியாக மூன்று குழிகள் வெட்டினார்கள். கழுவிய தண்ணீர் முதல் குழியில் கசடை இறக்கி, அடுத்ததில் தெளிந்து, மூன்றாவதிலிருந்து செங்கல் நனைக்கத் திரும்ப வந்தது. அடியில் தங்கிய சுண்ணாம்பை வாரித் தரைக்கு நிரப்பினார்கள். தண்ணீர் சுமக்க வேண்டுமே என்று முணுமுணுத்த ஆட்கள், பாதித் தண்ணீர் திரும்பவும் கைக்கு வருவதைப் பார்த்து அடங்கினார்கள்.

இந்த ஏற்பாட்டை ஊர்க்கூட்டத்தில் எதிர்த்தவர் ஒரே ஒருவர். "முப்பது வருஷமா மலச்சிக்கலுக்கு வைத்தியர் வூட்டுக்கு நடந்தவன் நான்," என்று பெரியசாமி எழுந்து நின்றார். "இப்பத்தான் மனுசனா இருக்கேன். அதப் போயி நிறுத்துறீங்களே." அவருடைய கட்சியில் சேர யாரும் இல்லை. மருதாயி அவருக்கு மட்டும் தினம் ஒரு சின்னக் கலயத்தில் கடுக்காய் தனியாக ஊறப்போட்டுத் தருவதாகச் சொன்ன பிறகே உட்கார்ந்தார்.

குளத்தை இறைத்துக் கொட்டுவதற்கு ஆறு நாள் பிடித்தது. தரிசுக்கு ஓடும்படி வாய்க்கால் வெட்டி, மேஸ்திரியும் ஆட்களோடு ஆளாக இறைகூடை பிடித்தார். அதுவரை தோட்டத்துக் கிணற்றை ஊருக்குத் திறந்துவிட்ட வைத்திலிங்கம், கயிறு தேய்கிறது என்று வாளிக்கு வாளி சொல்லிக்கொண்டிருந்தார். ஐப்பசியில் நல்ல மழை பெய்து குளம் நிறைந்தது.

தை மாதம் வீடு முடிந்தது. அடுத்து ஆண்டிமடத்தில் ஒரு சத்திர வேலை வந்தபோது குருநாதன் மருதாயியையும் கூப்பிட்டுக்கொண்டார். போய் இறங்கியதும் அந்த ஊர்க்காரர்கள் மாலையோடு வந்து, அஸ்திவாரத்துக்குக் கடக்கால் வெட்டுவது எப்போது என்று கேட்டார்கள். அந்த அம்மாவைக் கேளுங்கள் என்றார் மேஸ்திரி. மருதாயி ஊரைச் சுற்றி நடந்தாள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து குனிந்து பார்த்தாள். இங்கே வேண்டாம் என்றாள். இங்கேயும் வேண்டாம் என்றாள். மாலையும் கழுத்துமாக மேஸ்திரி அவள் பின்னாலேயே நடந்தார். மூன்றாம் நாள்தான் அவள் ஓரிடத்தில் நின்று ஊறல் தொட்டிக்குக் குச்சி நட்டாள்.