தச்சர் போட்ட நடு

மலைச்சரிவில் நின்ற மரமெல்லாம் இப்போது ஊருக்குள் கதவாகவும் கட்டிலாகவும் நிற்கிறது. அதில் பாதி தச்சரின் கைவேலை. அதைச் சொல்லிக்காட்ட அவர் மனைவி ஒருநாளும் மறந்ததில்லை. மரம் போன பின்னால் மண்ணும் மூட்டை கட்டிவிட்டது. போன மழையில் அவளுடைய சோளக்காட்டின் மேல்மண் முழுக்க இறங்கி, அடிவாரத்து நாத்தனார் வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டது.

நாத்தனார் மனதில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகப் பேசுகிற ஆள் இல்லை. "அந்தச் சரிவுல பாதி எனக்கும் பங்கு. இன்னொரு தடவை மண்ணு என் வாசப்படி ஏறுச்சு, செங்கல் சூளைக்காரனுக்கு விட்டுருவேன்."

"ஏறாது அண்ணி" என்றாள் தச்சர் மனைவி. அந்தக் காடு போனால் அவளுக்குக் கை ஒடிந்த மாதிரி. ஆனாலும் குரல் கம்மவில்லை.

வேளாண்மை ஆபீஸில் ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தாள். சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணை வரப்பாக்கிப் புல் நட்டால் போதும், மண் நகராது. மட்டம் பார்க்க ஒரு மரச்சட்டம் வேண்டும். விரிந்த இரண்டு கால், இடையில் ஒரு குறுக்குக்கட்டை, உச்சியிலிருந்து நூலில் தொங்கும் ஒரு கல். நூல் கட்டையின் நடுவைத் தொட்டால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று அர்த்தம்.

பழைய நிலைச்சட்டத்தை அறுத்து, தச்சர் அரைமணியில் செய்து முடித்தார். டேப்பை வைத்து அளந்து நடுவில் பென்சிலால் கோடு போட்டார்.

"காலை மாத்தி வச்சுப் பாத்துத்தான் நடு குறிக்கணும்னு சொன்னாங்க."

"முப்பது வருஷமா அளக்குறவனுக்கு ஆபீஸ்ல இருந்து நடு வரணுமா?"

மனுஷன் முகம் சுண்டிவிடுமே என்று விட்டுவிட்டாள். அந்த இரக்கம்தான் தப்பாகப் போனது.

கட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்த பென்சில் கோடு கண்ணுக்குத் தெரியவேண்டுமென்று, எப்போதும் ஒரே காலை முன்னால் விட்டுச் சட்டத்தை நகர்த்தி முளை அடித்தார்கள். பத்து நாள் வாய்க்கால் வெட்டினார்கள். முதல் தூறலில் வாய்க்காலில் நிற்கவேண்டிய தண்ணீர் கிழக்குக் கோடிக்கு ஓடி, வரப்பை உடைத்துக்கொண்டு இறங்கியது. நாத்தனார் வாசலுக்கு நான்கடி முன்னால் வந்துதான் சேறு நின்றது.

"மறுபடி ஆரம்பிச்சாச்சா?" என்றாள் நாத்தனார்.

தச்சர் மனைவி சட்டத்தைத் தூக்கிவந்து, பட்டறை முன்னால் இரண்டு கல்லின்மேல் நிறுத்தினாள். நூல் தொட்ட இடத்தில் கரியால் ஒரு புள்ளி. அதே கற்களில் கால்களை மாற்றி வைத்து இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் சரிபாதிதான் உண்மையான நடு. புருஷனுடைய கோடு அதிலிருந்து அரை விரல் தள்ளி இருந்தது.

தச்சர் டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். "அளவு சரியாத்தானே இருக்கு."

"அளவு சரிதான். ஒரு கால் குட்டை. நிலைச்சட்டத்தோட அடி தேஞ்சு கிடந்ததை நீங்க பாக்கல."

அவர் குனிந்து அந்தக் காலைத் தடவிப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. எச்சில் தொட்டுத் தன் கோட்டை அழித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினார். யாருக்கும் இரவல் கொடுக்காத பென்சில் அது.

"நீயே போடு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அவர்மேல் ஆசையும் வந்தது. கோடு போட்டாள். முளையெல்லாம் பிடுங்கி மாற்றி அடித்து, ஆறே நாளில் புது வாய்க்கால் வெட்டி முடித்தார்கள். பட்டறை பூட்டியே கிடந்தது.

பெருமழை மூன்று நாள் விடாமல் அடித்தது. நாத்தனார் வாசலில் மண்வெட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். படி தாண்டி ஓடிய தண்ணீரில் அடியில் கிடந்த கூழாங்கல் தெரிந்தது. மேலே வாய்க்காலெல்லாம் நிரம்பி, அசையாமல் நின்றது.

நான்காம் நாள் நாத்தனார் பட்டறைக்கு வந்தாள். "தம்பி, என் பக்கத்துக்கும் அந்தச் சட்டத்தை வச்சு ஒரு கோடு போட்டுக் குடேன்."

தச்சர் மரம் சீவிக்கொண்டிருந்த இழைப்புளியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவளைக் கேளுக்கா. பென்சில் அவகிட்ட இருக்கு."