கோதண்டராமனின் மீசை

காந்தாவுக்குக் கை நடுங்கும் வியாதி என்று பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனியில் முடிவு கட்டிவிட்டார்கள். மோட்டார் காயிலில் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. கம்பி தலைமுடி கனம்தான். சூப்பர்வைசர் கோதண்டராமன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கத்தினால் போதும், அவள் கையில் கம்பி பட்டென்று அறுந்துவிடும். மற்ற நேரத்தில் அவளைப் போல் சுற்ற அந்த ஷெட்டில் ஆளே கிடையாது, அதை யார் பார்த்தார்கள்? மனநல டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கி வா, இல்லாவிட்டால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

ரிச்சர்ட்ஸ் டவுன் டாக்டர் மௌரீன் மாத்திரை எழுதவில்லை. வாரா வாரம் வந்து பேசச் சொன்னார். மூன்றாவது வாரம், "அந்த சூப்பர்வைசர் பாக்க எப்படி இருப்பார்?" என்று கேட்டார்.

"நல்ல ஒசரம். இவ்ளோ பெரிய மீசை. சாராய வாடை அடிக்கும்."

"டூட்டிக்கே குடிச்சிட்டு வர்றாரா?"

அந்த மீசையும் வாடையும் யாருடையவை என்று காந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது. குடித்துவிட்டு வந்து, பாடம் எழுதுகிறவளைப் பின்னாலிருந்து பிடரியில் அறைந்தது அவள் அப்பா. செத்துப் பத்து வருஷம் ஆகிறது. பாவி மனுஷன் செத்தும் தொலையாமல் இத்தனை நாள் தன் தலைக்குள் குடியிருந்திருக்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"அது எங்கப்பாவோட மீசை. அப்போ எல்லாம் என் கற்பனையா, டாக்டரம்மா?"

"மீசை கற்பனை. உங்களுக்கே தெரியாம உள்ள ஓடுது. அவர் கத்துறது கற்பனை இல்லையே."

சர்டிபிகேட்டையும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காந்தா மெஷினையும் ஸ்டூலையும் திருப்பிப் போட்டு, நடைபாதையைப் பார்த்து உட்கார்ந்தாள். கோதண்டராமன் வந்தார். மூன்று வருஷமாகத் தலை குனிந்தே இருந்தவள் முதல்முறையாக அவரை முழுசாகப் பார்த்தாள். ஆள் குள்ளம். மழமழவென்று சவரம் செய்த முகம்.

"யாரைக் கேட்டு மாத்தின? திரும்பி உக்காரு."

"மாட்டேன் சார். எது சொல்றதா இருந்தாலும் என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க."

"பைத்தியத்துக்கு வைத்தியம் பாத்துட்டு வந்து எனக்கே ரூல் போடுறியா?"

"ஆமா சார். எங்கப்பாகிட்ட வாயத் தொறக்க முடியல. நீங்க எங்கப்பா இல்ல."

ஷெட்டில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. காந்தாவின் கை நடுங்கத்தான் செய்தது. அந்தக் கையாலேயே கம்பியை எடுத்து, அவர் எதிரில் நிற்க நிற்கச் சுற்றினாள். கடைசிச் சுற்று வரை கம்பி அறுபடவில்லை.

"சர்டிபிகேட் எங்க?" என்றார் அவர்.

"பையில இருக்கு. மொதல்ல இதப் பாருங்க," என்று காயிலை அவர் கையில் வைத்தாள்.