வெட்டி எறிந்த நொடிகள்

‘டைம்கோடு தகவல் கிடைக்கவில்லை’ என்று திரையில் மறுபடியும் வந்ததும் கத்திரி மவுஸைத் தூக்கி மேசையில் ஓங்கி வைத்தாள். கூடத்தில் பேச்சு ஒரு கணம் நின்றது. உள்ளே அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் ஆத்திரம்தான்.

அண்ணன் அன்று விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் செத்துப்போயிருந்தான். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று முந்தின நாள் தானே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தவன். உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை. ஏதோ ஒரு கையெழுத்துக்காக அங்கே காத்திருக்கிறார்களாம்.

சித்தப்பா கதவைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டினார். “படம் கெடச்சுதா? பிரிண்ட் போடற கடைக்காரன் மத்தியானம் மூடிடுவானாம்.”

“தேடறேன் சித்தப்பா.”

“ஊர்ல இருக்கறவனை எல்லாம் படம் புடிச்சான். அவனோட படம் ஒண்ணு இல்ல பாரு இந்த வீட்டுல!”

அதுவும் உண்மைதான். கல்யாணப் படத்தில் அவன் ஆளே வேறு. மீசைகூட முளைத்தும் முளைக்காமலும் இருந்தது. அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் அவன் கேமராவுக்குப் பின்னால்தான். அவன் எடுப்பான், தங்கை வெட்டி ஒட்டுவாள். அதனால்தான் அவளுக்கு ‘கத்திரி’ என்று பெயர் வைத்தான். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

கடைசியாக எடுத்தது ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. முடிவில் டீச்சர்கள் அவனையும் மேடைக்குக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேச வைத்தார்களாம். அண்ணி காலையில் அதை ஒரே ஒரு முறை சொன்னாள். “அவரு பேசுனாராம் கத்திரி. நீ அதை எனக்குக் காட்டறியா?” அதோடு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

காட்டலாம்தான். ஆனால் எங்கே இருக்கிறது அது?

அண்ணனின் கேமரா பழசு. அதன் கடிகாரம் ஓடாது. எந்தக் கிளிப்பை எடுத்தாலும் பூஜ்ஜியத்தில் தொடங்கும். அதன் மைக்கும் செத்துப்போய் நாளாகிவிட்டதால் சத்தத்தைத் தனி ரெக்கார்டரில் பிடிப்பான். எந்தப் படத்துக்கு எந்தச் சத்தம் என்று கத்திரிதான் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் சரியான நேரத்தை, அதுதான் டைம்கோடு, கொடுப்பாள். சாஃப்ட்வேர் அந்த நேரத்தைக் கிளிப்புக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டி ஃபைலாக எழுதி வைத்துக்கொள்ளும். குட்டி போனால் கணக்கும் போச்சு.

“பூனை எடம் மாறுனா குட்டியையும் கவ்விக்கிட்டுதான் போகும். நீயும் அப்படித்தான் காப்பி பண்ணணும்” என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கேட்டால்தானே? டிஸ்க் நிறைந்துவிட்டது என்று, ஆளில்லாத நேரத்தில் உட்கார்ந்து, குட்டிக் குட்டியாக இருந்ததையெல்லாம் அழித்துவிட்டான். அவற்றை அழித்து ஒரு பாட்டுக்குக்கூட இடம் கிடைத்திருக்காது. பெருமையாக வேறு சொன்னான், “குப்பையெல்லாம் கூட்டித் தள்ளிட்டேன் கத்திரி.”

நேற்று அதற்குத்தான் சண்டை. அவள் போனில் கத்தினாள். அவன், “வந்து பேசிக்கலாம். நெஞ்சு கரிக்குது, ஒரு சோடா குடிச்சுட்டு வரேன்” என்றான். வைத்துவிட்டான். பாதிச் சண்டையில் போனை வைக்கிறவனை என்ன செய்வது?

மேசைமேல் இருந்த அண்ணனின் போன் அடித்தது. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர்.

“சாயங்காலம் வீடியோ தரேன்னாரு. அவரு எங்கம்மா?”

“அவரு இல்ல சார்.”

“வந்ததும் பேசச் சொல்லுங்க. நாலு தடவை கூப்பிட்டுட்டேன், எடுக்கவே மாட்டேங்கறாரு.”

“எடுக்க மாட்டாரு சார்” என்றாள். வைத்துவிட்டாள்.

வேறு வழியில்லை. ஒவ்வொரு கிளிப்பாகத் திறந்து, தொடக்கத்தைத் தாண்டி நடுவில் ஓட்டிப் பார்த்தாள். பேச்சுப் போட்டி, நடனம், மறுபடி நடனம், பரிசு. மேடையில் அண்ணன் நிற்கும் கிளிப் கடைசியில் கிடைத்தபோது அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கேமராவை யாரோ ஒரு வாத்தியாரிடம் கொடுத்திருக்கிறான். அவர் முன்வரிசைக்காரர் ஒருவரின் வழுக்கைத் தலையை அருமையாக எடுத்திருந்தார். அதற்குப் பின்னால் ஒரு சட்டைக் கை மட்டும் ஆடியது.

“அட போங்கடா” என்று வாய்விட்டே சொன்னாள்.

சத்தத்தையாவது எடுத்துக் கொடுப்போம். ஆனால் ரெக்கார்டரில் எங்கே தேடுவது? நேரக் கணக்கு இல்லாத ஊரில் கைதட்டுதான் துணை. ஒவ்வொரு கிளிப்பின் தொடக்கத்திலும் அண்ணன் கேமராவைச் சுற்றி முன்னால் வந்து ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவான். கை சேரும் இடத்தையும் சத்தம் துள்ளும் இடத்தையும் பொருத்தினால் படமும் சத்தமும் சேர்ந்துவிடும். அது வேலைக்கான சமாசாரம், யாருக்கும் தேவைப்படாதது. கை சேரும் இடத்தைக் குறித்துக்கொள்வாளே தவிர, அதில் நிற்கும் ஆளை அவளும் பார்த்ததில்லை. நேரத்தைக் கொடுத்ததும் முதலில் அதைத்தான் வெட்டி எறிவாள்.

முதல் கிளிப்பை ஆரம்பத்துக்கு இழுத்தாள். மங்கலாக ஒரு வயிறு வந்தது. வயிறு பின்னால் நகர்ந்து, தெளிந்து, அண்ணனாயிற்று. நெற்றியெல்லாம் வேர்வை. வாய் அசைந்தது, சத்தமில்லை. கைகளை உயர்த்தி, கண்ணை இறுக மூடிக்கொண்டு தட்டினான்.

அவள் ரெக்கார்டரின் சத்தத்தை இழுத்து வந்து அந்தக் கைக்கு அடியில் வைத்தாள். ஒரு மயிரிழை தள்ளியிருந்தது. நகர்த்தினாள். மறுபடி ஓட்டினாள்.

“மேடை, ஒண்ணு. மைக்கு கொஞ்சம் இரையுது. கத்திரி திட்டப் போறா.” பட்.

அடுத்த கிளிப்பைத் திறந்தாள். அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் அவன் வந்தான். ஒன்றில் வடையோ எதையோ மென்றுகொண்டே தட்டினான். ஒன்றில் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சற்று நேரம் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றான். அதை மட்டும் அவள் திரும்ப ஓட்டவில்லை.

பின்னால் சேலை உரசும் சத்தம். அண்ணி எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

“எதுலயுமே கண்ணத் தெறக்க மாட்டேங்கறான் அண்ணி” என்று கத்திரி எரிச்சலோடு சொன்னாள். “சித்தப்பா படம் கேக்கறாரு. கண்ண மூடிக்கிட்டு இருக்கறதையா குடுக்கறது?”

“சத்தம் கேட்டா அவருக்கு ஆகாது. பலூன் வெடிச்சாலும் அப்படித்தான்.” அண்ணி இன்னும் பக்கத்தில் வந்தாள். “அவரே தட்டறதுதானே, அதுக்குமா?”

தட்டி முடித்து, கேமராவுக்குத் திரும்பி வரும்போது ஒரு கிளிப்பில் நின்று லென்ஸையே உற்றுப் பார்த்தான். கண்ணாடியில் தூசி இருந்திருக்கும். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. கத்திரி நிறுத்தினாள்.

“சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்காரு” என்றாள் அண்ணி.

“வேணாமா? வேற பாக்கட்டுமா?”

“அன்னைக்குக் காலையில நான்தான் பாக்காம விட்டுட்டேன்.” திரையை நோக்கிக் கையைக் கொண்டுபோனவள் தொடாமலே எடுத்துக்கொண்டாள். “இதையே குடு.”

சித்தப்பாவின் போனுக்குப் படத்தை அனுப்பினாள். பிறகு, கடைசியில் இருந்த மேடைப் பேச்சுவரை போய்ச் சேர, முதல் கிளிப்பில் தொடங்கி வரிசையாக நேரத்தைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “அந்த மைக்கு இரையுதுன்னாரே, அதை இன்னொரு தடவை போடு” என்றாள். போட்டாள். அண்ணி கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொல்லவில்லை.

வெளியே ஹாரன் அடித்தது. நாற்காலிகள் நகரும் சத்தம். “வந்துட்டாங்க, வந்துட்டாங்க” என்று யாரோ சொன்னார்கள்.

அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பெண்கள் வந்து பிடித்துக்கொண்டார்கள். கத்திரி அவர்களைத் தாண்டி வாசலுக்குப் போனாள். வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரைப் பிடித்து நான்கு பேர் நின்றார்கள். வீட்டின் இரும்பு கேட் திறந்தால் நிற்காது, தானாகவே வந்து மூடிக்கொள்ளும். முதலில் வந்தவரின் முட்டியில் இடித்தது.

“யாராவது கேட்டப் புடிங்கப்பா!”

அவள் போய் கேட்டைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் பார்த்துப் பார்த்து உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு வந்தவர்களும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வண்டி திரும்பித் தெருமுனை தாண்டிப் போயிற்று. அவள் கேட்டை விடவில்லை.