மூன்று என்று எழுதிய பறவை

2009 ஜூன் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, கனடிய அரசாங்கம் எனக்குப் பணிந்தது. மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலில் தபால்காரப் பெண் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பழுப்பு உறையைத் தந்தாள். கனம் நாலு கிலோ இருக்கும். பிரித்துப் பார்த்துவிட்டு, "பன்ரெண்டு தாள்" என்றாள் என் மனைவி சந்திரவதனா. அவளுக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற கெட்ட பழக்கம் உண்டு.

பன்னிரண்டு தாளும் ஒரு பறவையைப் பற்றியவை. முந்தைய செப்டெம்பரில், ரூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடத்துச் சதுப்பில் நான் அதைக் கண்டேன். முழங்கால் நோவென்று சந்திரவதனா காரிலேயே இருந்துவிட்டாள். என்னோடு நடந்து வந்தவள் பக்கத்து வீட்டுக் கமலாம்பிகை. முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கிற வேலை அவளுக்கு, அன்று விடுமுறை. புறாவை விடக் கொஞ்சம் பெரிய பறவை. கீழே வளைந்த மெல்லிய சொண்டு. எழுந்து பறந்தபோது சிறகின் உட்புறம் கறுவாப்பட்டை நிறத்தில் மினுங்கியது. என் கணக்கில் கால் மணி நேரம் பார்த்தோம், கமலாம்பிகையின் கணக்கில் ஒரு நிமிடம். நூலகத்தில் இருந்த பறவைப் புத்தகங்கள் அத்தனையையும், அதாவது நாலையும், புரட்டினேன். எஸ்கிமோ கேர்லியூ! நாற்பது வருடத்துக்கு மேலாக ஒருவரும் ஐயமறக் கண்டதில்லை. உயிரோடு இருக்கிறதா, அழிந்துவிட்டதா என்பதே தெரியாதாம்.

உடனே உரிய திணைக்களத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. ஆனால் நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் கோப்புக் கட்டியவன். ஒரு கடிதம் கந்தோருக்குள் போனால் எவராவது அதன் ஓரத்தில் ஏதாவது எழுதியே தீருவார். அந்த ஓரக் குறிப்பு எனக்கு வேண்டும். என் வாழ்நாளில் ஒரு லட்சம் புளுகு அவிழ்த்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். இது புளுகல்ல. அரசாங்கத் தாளில் இது உண்மை என்று ஏறாமல் நான் சாவதில்லை என்று தீர்மானித்தேன். தகவல் கோரும் படிவத்தை நிரப்பி, அந்தப் பறவை பற்றிய பதிவுகள், அலுவலர் குறிப்புகள், என் கடிதம் மேசை மேசையாகப் போன வழி, எல்லாவற்றையும் கேட்டேன். கூடுதல் அவகாசம் கேட்டார்கள். கொடுத்தேன். ஐந்து நினைவூட்டல் அனுப்பினேன். அங்கே என் பெயரைக் கேட்டாலே ஆட்கள் மேசைக்குக் கீழே ஒளிந்திருப்பார்கள்.

அவை எப்படிப்பட்ட மாதங்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி எங்கள் ஆட்கள் பாதிப்பேர் கொட்டும் மழையில் தெருவில் நின்றார்கள். நானும் பதாகை பிடித்தேன். வன்னியில் இருந்த கமலாம்பிகையின் தம்பி வீட்டிலிருந்து ஏப்ரல் நடுவோடு தொலைபேசி நின்றுபோனது. மூன்றாவது நினைவூட்டலை நான் எழுதிக்கொண்டிருந்தபோது சந்திரவதனா தேநீர்க் கோப்பையை மேசையில் இடித்து வைத்தாள்.

"ஊரே எரியுது. உங்களுக்குக் குருவி கேக்குது, என்ன?"

எத்தனை அரசாங்கங்களுக்கு எத்தனை மனுக்களில் கையெழுத்து வைத்தோம், ஒரு வரி பதில் உண்டா? ஒன்றிடமிருந்தாவது ஒன்றுக்காவது பதில் வாங்கிவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? எழுதி முடித்து முத்திரை ஒட்டினேன்.

இப்போது பதில் வந்திருந்தது. எங்கு பார்த்தாலும் கறுப்புப் பட்டை அடித்திருந்தார்கள். நான் பறவையைக் கண்ட இடத்தை என்னிடமிருந்தே மறைத்திருந்தார்கள். ஒன்பதாம் தாளில் என் கடிதம். அதன் ஓரத்தில், நான் எதிர்பார்த்தபடியே, பென்சிலில் ஒரு குறிப்பு! விடிகாலை வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த கமலாம்பிகையையும் இருத்திவைத்து, தமிழாக்கி உரக்கப் படித்தேன்.

"சொண்டு, கால், சிறகின் உட்புறம்: விவரிப்பு மிகத் துல்லியம். ஒன்று என்றிருந்தால் ஆள் அனுப்பியிருப்பேன். மூன்று பறவைகள் என்பது நம்பத்தக்கதல்ல. மேல் நடவடிக்கை தேவையில்லை."

கடைசி வரிக்கு வரும்போது என் குரல் இறங்கிவிட்டது.

"மூண்டோ?" என்றாள் சந்திரவதனா. "ஒண்டெண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்?"

"ஒண்டுதான்."

"பிறகேன் மூண்டெண்டு எழுதினனீங்கள்?"

வெள்ளம் வந்த வருடங்களில் நூறு மூட்டை அரிசி தேவையென்றால் முந்நூறு என்று எழுதுவோம். கொழும்பில் எவனோ சிவப்புப் பேனையால் வெட்டி நூறாக்குவான். எங்களுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், அரிசி வந்து சேரும். இங்கேயும் வெட்டுவான், வெட்டினால் ஒன்றாவது மிஞ்சும் என்று, கை தன்பாட்டில் எழுதிவிட்டது.

"இவங்கள் வெட்டமாட்டாங்கள் எண்டு எனக்கென்ன தெரியும்!"

சந்திரவதனா விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்கட வாயில ஈ பூந்தாலும் யானையாத்தான் வெளியில வரும்!"

கமலாம்பிகை சிரிக்கவில்லை. தாளை வாங்கி அந்தப் பென்சில் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்டெண்டு எழுதியிருந்தா வந்திருப்பாங்கள், என்ன அண்ணை?"

"ஓம் பிள்ளை."

"அப்ப இப்ப எழுதுங்கோ. நானும் பாத்தனான்தானே. கையெழுத்து வைக்கிறன்."

புதுத் தாள் எடுத்தேன். நான் கண்டது ஒரு பறவை. பார்த்த நேரம் ஒரு நிமிடம். முன்னைய எண் என் பிழை. மூன்றே வரி. இவ்வளவு சின்னக் கடிதம் நான் பிறந்து எழுதியதில்லை. கமலாம்பிகை தன் பெயரை முழுதாக எழுதி, தேதியும் போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு படிவத்தை எடுத்து மேசையில் விரித்தாள். காணாமல் போனவர்களைத் தேடுகிற அமைப்பொன்றின் படிவம். மடிப்புகள் நைந்திருந்தன. இந்தத் தெருவில் குடிவரவிலிருந்து ஓய்வூதியம் வரை எல்லாப் படிவமும் நிரப்புவது நான்தான். இதை மட்டும் அவள் ஒருவரிடமும் கொடுக்காமல் சுமந்து திரிந்திருக்கிறாள்.

"இதையும் எழுதுங்கோ அண்ணை. கூட்டாம."

"எத்தினை பேர்?"

"அஞ்சு."

5 என்று எழுதினேன். தம்பி, தம்பி மனைவி, இரண்டு பெட்டைப் பிள்ளைகள். பெயர், வயது, கடைசியாகக் கதைத்த நாள். ஐந்தாவது கட்டத்தில் பேனை நின்றது.

"சித்திரையில பங்கருக்குள்ள பிறந்தது. ஆம்பிளைப் பிள்ளை எண்டு மட்டும் சொன்னவன். பேர் சொல்ல முந்தி லைன் கட்டாகிட்டுது."

சந்திரவதனா கதிரையை இழுத்துக் கமலாம்பிகையின் பக்கத்தில் இருந்தாள்.

"பேர் எண்ட இடத்தில என்ன எழுத, பிள்ளை?"

"ஒண்டும் எழுதாதேங்கோ. கட்டத்தை வெட்டியும் விடாதேங்கோ."

ஆண் என்று எழுதினேன். வயது, ஏழு கிழமை. பெயருக்கான இடத்தை வெள்ளையாக விட்டுப் படிவத்தை அவள் பக்கம் திருப்பினேன். அவள் குனிந்து, மேலே இருந்த அந்த 5 காயும்வரை, மெல்ல ஊதிக்கொண்டிருந்தாள்.