மல்லிகா, வயது இருபத்தேழு

ஏஜென்சிக்காரன் கொடுத்த அட்டை ஒன்றுதான் வேலாயியிடம் மிஞ்சியிருந்தது. மகள் ஊர்மிளா வீட்டு வேலைக்கென்று குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கடிதமும் இல்லை, போனும் இல்லை. நுவரெலியாவில் ஏஜென்சி இருந்த இடத்தில் இப்போது செருப்பு விற்கிறார்கள். கொழும்புக்குப் போய் வெளிநாட்டு வேலை ஆபீசில் கேட்டால், அந்தப் பெயரில் யாருமே நாட்டை விட்டுப் போகவில்லை என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பெற்றவள் பொய் சொல்கிறாள் என்பது போலப் பார்த்தார்கள்.

அட்டையின் அடியில் இணைய முகவரி ஒன்று இருந்தது. பூண்டுலோயா டவுனில் கம்யூனிகேஷன் கடையில் வேலை பார்க்கும் லக்சனா அதைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“பக்கமே இல்லக்கா, தூக்கிட்டாங்க. இருங்க, இன்னொரு எடத்துல பாப்போம். காணாமப்போன பக்கத்தோட பழைய பிரதியெல்லாம் அங்க சேத்து வச்சிருப்பாங்க.”

“செத்த பொணத்தப் பொதைக்காம வச்சிருக்கானுகளா?”

“வெள்ளக்காரனுக்கு வேற வேல இல்லையே.”

வேலாயிக்குச் சிரிப்பு வரவில்லை. திரையில் பக்கம் வந்தது. வேலைக்குத் தயாராக இருக்கும் பெண்கள் என்று இங்கிலீசில் போட்டிருந்ததாம். லக்சனா பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஊர்மிளா இல்லை. வேலாயி முந்தானையை உதறி எழுந்துவிட்டாள்.

“ஒக்காருங்கக்கா. படம் இன்னும் வரல.”

படங்கள் மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக இறங்கின. சில கட்டங்களில் சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் நின்றது. அந்தப் பெண்களின் முகங்களை யாரும் சேர்த்து வைக்கவில்லை போலும். மூன்றாவது வரிசையில் வகிடு எடுத்த தலை தெரிந்தது. பிறகு நெற்றி. பிறகு சின்ன வயதில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுப் பிளந்த புருவம். கண் வருவதற்குள் வேலாயி திரைக் கண்ணாடியில் விரலை ஊன்றிவிட்டாள்.

“இதுதான் புள்ள. இதுதான் ஏம் மக.”

லக்சனா குனிந்து பார்த்தாள். “மல்லிகா குமாரின்னு போட்டிருக்குக்கா. வயசு இருபத்தேழு.”

“பதினேழு,” என்றாள் வேலாயி.

பேப்பர் வேலையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், நீங்க ரேகைய மட்டும் வைங்க என்று ஏஜென்சிக்காரன் சொன்னதும், இவள் வைத்ததும் வேலாயிக்கு ஞாபகம் வந்தது. இவ்வளவு நாளும் பேப்பரில் இல்லாத ஒருத்தியையல்லவா போகிற இடமெல்லாம் கேட்டிருக்கிறாள்.

லக்சனா அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தாள். “கொழும்புல போயி ஊர்மிளான்னு கேக்காதீங்க. மல்லிகான்னு கேளுங்க. வாய் தவறுனா மறுபடியும் இல்லன்னுருவாங்க.”

தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் வேலாயி ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். மல்லிகா. ஏம் மக மல்லிகா குமாரி. முதலில் நாக்கு முரண்டு பிடித்தது. போகப் போக வழிக்கு வந்தது.

தொழிற்சாலை வளைவில் ஏறிய மாயாண்டி, பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரர், அருகில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னா வேலாயி, ஊர்மிளாகிட்ட இருந்து ஏதும் சேதி வந்துச்சா?”

“யாருகிட்ட இருந்து?” என்று கேட்டாள் வேலாயி.