சுவர் தாண்டிய மல்லிகை வாசனை

"நானா கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன்? அதுவா வந்துச்சு."

"அதுவா எப்படிடி வரும்? நீ ஏதோ பண்ணியிருக்கே..."

"என்ன பண்ணினேன், விசில் அடிச்சேனா?"

"...பண்ணாம என் செடியோட வாசனை உன் பக்கம் எதுக்கு நிக்குது?"

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை, சங்கரபுராவில் அப்போலின் மத்தியாஸின் மல்லிகை வாசனை சுவரைத் தாண்டி, அவளுடைய ஓரகத்தி ஜுலியானாவின் பக்கம் போய்விட்டது. கல்யாண மாதத்தில் பூ விலை ஏறிவிட்டது என்று சொல்லும் குரலில்தான் ஊரும் இதைச் சொல்லிக்கொண்டது. சுவர் போன கிறிஸ்துமஸுக்குப் பிறகு வந்தது. பாகம் பிரித்ததில் மல்லிகைச் செடிகள் மூத்த மருமகள் அப்போலினுக்கு, ஜாதிமல்லிப் பந்தல் இளையவள் ஜுலியானாவுக்கு. நடுவில் நின்ற காக்கரட்டான் பூச்செடியை யாரும் கேட்கவில்லை. அதற்கு அவ்வளவாக வாசனை இல்லை. ஆனால் மல்லிகை வாசனை சுவரேறிப் போனபோது போகிற போக்கில் அதன்மேலும் கொஞ்சம் சிந்தியதால், பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக அதைத் தேடி வண்டு வந்தது.

அப்போலினுக்கு இது வெறும் அவமானமாக மட்டும் இருந்திருந்தால் பொறுத்திருப்பாள். மே மாதம் மகள் பிரெசில்லாவுக்குக் கல்யாணம். அந்த வீட்டுப் பெண்கள் சொந்தத் தோட்டத்து மல்லிகையைத்தான் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குள் போவார்கள். விடியலில் மொட்டாகப் பறித்து வாழைநாரில் கட்டினால் சாயங்காலம் விரிந்து மணக்க வேண்டும். அவள் கட்டியது விரிந்தது, காகிதம் மாதிரி இருந்தது. கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று பிரெசில்லா சொன்னதற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை.

தொலைந்ததைத் தேடித் தர அந்தோணியார் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். அவர் காலதாமதம் செய்வார் என்று தோன்றியதால், திரும்பும் வழியில், தொலைந்ததை மீட்டுத் தரும் ஊர்ச்சாமி கொரகஜ்ஜாவின் மேடையான கட்டையில் நின்று அவருக்கும் சக்குலி முறுக்கும் வெற்றிலையும் நேர்ந்துகொண்டாள். அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்களும் அவரிடம் சொல்வதுண்டு. ஆனால் ஒரு பொருளுக்கு ஒருவரிடம்தான் சொல்ல வேண்டும். அது எல்லோருக்கும் தெரியும், அப்போலினுக்கும் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தோணியார் மல்லிகை வாசனையைக் கொண்டுவந்து செடியில் வைத்துவிட்டுப் போனார். அப்போலின் சக்குலி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நேர்ந்ததை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வெள்ளிக்கிழமை கொரகஜ்ஜா வந்தார். தேட எதுவும் மிச்சமில்லை. சொன்ன வாக்குக்கு வெறுங்கையோடு போகும் வழக்கம் அவருக்கு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த வாசனைகளை எல்லாம் வாரி இந்தப் பக்கம் கொட்டினார். ஜாதிமல்லி போயிற்று, ஜுலியானாவின் காப்பி போயிற்று, மத்திக் குழம்பு போயிற்று. செத்துப்போன தன் புருஷன் ரிச்சர்டின் சட்டை ஒன்றை ஜுலியானா பெட்டிக்குள் துவைக்காமல் வைத்திருந்தாள். அதன் வாசனையும் போயிற்று.

இந்தமுறை ஜுலியானா சண்டைக்கு வரவில்லை. அதுதான் அப்போலினுக்குத் தாங்கவில்லை. சக்குலி சுட்டுக் கட்டைக்குக் கொண்டுபோய், திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள். தொலைத்தவர்தான் வந்து கேட்க வேண்டும் என்றார்கள் அங்கே பூசை செய்பவர்கள். ஜுலியானாவிடம் போய் நின்றாள்.

"நான் எதுக்குக் கேட்கணும்? எடுத்தது நீங்க. நீங்களே கொண்டாங்க."

அதற்குமேல் அப்போலின் யாரிடமும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் கடப்பாறையை எடுத்து, சுவரின் முதல் கல்லைத் தானே பெயர்த்தாள். ஆள் வைக்கச் சொன்ன மகளிடம், கட்டும்போது ஆள் வைத்தது போதும் என்றாள். மகளுக்குத் தேங்காய்ப்பால் பூசும் ரோஸ் சடங்கன்று கடைசிக் கல் விழுந்தது. ஜாதிமல்லி மெதுவாக நடந்து பந்தலுக்குப் போனது. காப்பியும் குழம்பும் பின்னால் போயின. சட்டையின் வாசனை மட்டும் மல்லிகையை விட்டு நகரவில்லை. பீடியும் வியர்வையும் சந்தன சோப்பும் கலந்த அது மூன்றாவது செடியோடு தங்கிவிட்டது.

கல்யாணத்தன்று விடியலில் அந்தச் செடியின் மொட்டுகளை ஜுலியானாதான் பறித்தாள், அவள்தான் கட்டினாள். பிரெசில்லாவின் தலையில் மல்லிகையும் சித்தப்பாவும் சேர்ந்து மணக்கக் கோயிலுக்குள் போனார்கள். பாதிரியார் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். ஊர் அதற்கும் பழகிவிட்டது.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது ஜுலியானா தலை நிமிராமல் சொன்னாள்:

"அக்கா, நாளையிலேர்ந்து அந்தச் செடிக்குத் தண்ணி நான்தான் ஊத்துவேன். முடிஞ்சா தடுத்துப் பாருங்க."