நனையாத தலையணை

கோட்டுக்காரர் வீட்டைக் காலி செய்த அன்று, மர அலமாரியை நகர்த்தியபோது, அதனடியில் அவர் மனைவியின் முப்பது வருடக் கண்ணீர் ஒரு சொட்டும் காயாமல் கிடந்தது. கடுகளவில், பட்டாணியளவில், கோலிக்குண்டு அளவில், எல்லாம் உருண்டை உருண்டையாக. சாமான் ஏற்ற வந்த வண்டிக்காரர் ஒன்றைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புக் கரிக்குது. ஐயா, இதையும் ஏத்தணுமா?" என்று கேட்டார். வாடகை பேசும்போது இதைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்பது அவர் கவலை.

கோட்டுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். மழைக்கோட்டுத் தொழிற்சாலையில் துணியை மெழுகுக் கரைசலில் முக்கியெடுக்கும் தொட்டி அவர் பொறுப்பில் இருந்தது. முக்கியெடுத்த துணியைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்து, சாய்த்துப் பிடித்து, ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றுவார். தண்ணீர் உருண்டு விழுந்தால் துணி தேறியது. ஒரு புள்ளி நனைந்து இருண்டாலும் மறுபடி தொட்டிக்குத்தான். கூடாரத்துக்கும் அறுவை சிகிச்சை செய்பவர்களின் அங்கிக்கும் அங்கிருந்துதான் துணி போனது. ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து, கப்பலின் அடிப்பாகத்தில் தடவிப் பார்க்க அந்தக் கரைசலில் ஒரு குப்பி வாங்கிப் போனதைக் கோட்டுக்காரர் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லுவார். "தாமரை இலையைப் பூதக்கண்ணாடியில பாருங்க. பூராவும் பொடிப்பொடி மேடு, மேல மெழுகு. தண்ணிக்கு உட்கார இடமே கிடையாது" என்பார். கேட்டவர் நழுவப் பார்த்தால் சட்டையைப் பிடித்துக்கொள்வார்.

கல்யாணமான வருடம் கூரை ஒழுகியது. தொட்டியில் மிஞ்சிய கரைசலைக் கொண்டுவந்து கூரைக்குப் பூசினார். ஒழுகல் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்காமல் சுவர், தரை, திரைச்சீலை, மெத்தை, தலையணை உறை என்று ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. மழைக்காலத்தில் தெருவிலுள்ள பள்ளிக்கூடப் புத்தகங்களும் ரேடியோக்களும் அந்த வீட்டில்தான் குடியிருந்தன. நாங்கள் சிறுவர்களாக ஒரு கரண்டித் தண்ணீரைத் தரையில் விட்டு, அது உருண்டோட உருண்டோடத் துரத்துவோம். கடைசியில் அது அலமாரிக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும், தரை அந்தப் பக்கம் தாழ்வு. அதன்பிறகு எந்த வீட்டிலும் அத்தனை சந்தோஷமாக இருந்ததாக எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை. அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். எவ்வளவு கூத்தடித்தாலும் அக்கா திட்டமாட்டார்.

அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. சோப்புத்தூள் வாசற்படி தாண்டக் கூடாது. "சோப்பு பட்டா மெழுகு போயிரும், அத்தனை வேலையும் பாழ்" என்பார். அக்கா கொல்லைக் கல்லில் துவைத்து, சோப்பு வாசனை போகும்வரை அலசி, கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார். தொட்டியில் ஊறி ஊறிக் கோட்டுக்காரரின் கைகளிலும் தண்ணீர் ஒட்டாமல் போயிற்று. முகம் கழுவுவது அவருக்குத் தினமும் ஒரு மல்லுக்கட்டு. மகள் அழுதால் துடைக்கப் போவார், கண்ணீர் விரலில் நிற்காமல் துள்ளி விழும், அதைப் பார்த்து மகள் சிரித்துவிடுவாள். காலையில் படுக்கையைத் தட்டிப் போடும்போது தலையணையைத் தொட்டுப் பார்ப்பார். என்றும் காய்ந்தே இருக்கும். "என் வீட்டுல யாரும் அழுததில்ல" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். நாங்களும் நம்பினோம்.

இப்போது மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டாள். சாமான் கட்ட நாங்களும் போயிருந்தோம். அலமாரி இருந்த இடத்தில் கோட்டுக்காரர் குந்தி உட்கார்ந்திருந்தார். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாக ஒதுக்கினார்.

"இது வெங்காயம். இது சிரிச்சது, சம்பந்தி முன்னாடி முகம் கழுவ முடியாம முழிச்சீங்களே, அன்னைக்கு. இது பொண்ணு ஹாஸ்டலுக்குப் போனது."

மூலையில் எல்லாவற்றிலும் பெரியது ஒன்று இருந்தது. அக்கா அதை மட்டும் தொடவில்லை.

"அது?"

"பெரியவன். பொறக்காமலே போனானே."

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு, மழைக்கு முன்னால் அனுப்ப வேண்டிய கோட்டுகள் கிடக்கின்றன என்று அவர் தொட்டிக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்தபோது அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கோட்டுக்காரர் தலையணையைத் தொட்டுப் பார்த்தார். 'நீ தைரியசாலி' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை.

"தலையணை காஞ்சுதானே இருந்துச்சு" என்றார் கோட்டுக்காரர்.

"நீங்க பூசின தலையணைதானே" என்றார் அக்கா. குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் கோட்டுக்காரர் தாங்கியிருப்பார்.

அவர் அந்தப் பெரிய சொட்டை எடுக்கப் பார்த்தார். விரலிலிருந்து வழுக்கியது. உள்ளங்கையில் தள்ளிப் பார்த்தார், துள்ளி விழுந்து சுவரோரம் ஓடியது. முழங்காலில் தவழ்ந்து துரத்தினார். நாங்கள் சிறுவயதில் துரத்தியது நினைவுக்கு வந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. பிறகு எழுந்து கொல்லைக்குப் போனார். சோப்புத்தூள் பொட்டலத்தோடு வாசற்படி தாண்டி உள்ளே வந்தார். வாளியில் கரைத்து, முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நுரை சிந்திய இடத்தில் அந்தத் தரை முதன்முறையாக ஈரமாகிக் கறுத்தது. திரும்ப வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். இந்தமுறை சொட்டு உள்ளங்கையில் நின்றது. மெல்ல உருவம் கலைந்து, ரேகைகளில் பரவி, கை முழுக்க நனைந்தது. அக்காவின் கண் நிறைந்து வழிந்தது. அதையும் துடைத்தார்.

"எரியுது, கையெல்லாம் சோப்பு" என்றார் அக்கா. ஆனால் முகத்தை விலக்கிக்கொள்ளவில்லை.

வெங்காயத்தை விட்டுவிட்டு, மற்றதை ஒரு மூடி போட்ட பாட்டிலில் எடுத்துக்கொண்டார்கள். வண்டிக்காரர் அதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை. பாட்டில் இப்போது மகள் வீட்டு ஜன்னலில் இருக்கிறதாம். மழை வந்தால் கோட்டுக்காரர் கைகளை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாராம். அக்கா துண்டோடு வந்து நிற்பாராம். இவர்தான் துடைக்க விடமாட்டாராம்.